தொப்பி கழற்றிய ஆண்கள்

"நாப்பது பேர் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்ல முடியுமா, மேடம்?"

ஹீட்டர் வேலை செய்யாத காரை ஜெர்மனியின் ஹம் நகரத்துப் புறவழிச்சாலையில் ஓட்டியபடி கேட்டான் கௌஷிக். பக்கத்து இருக்கையில் கோட்டுக்குள் சுருண்டிருந்த பேர்பெச்சுவா கண்ணைத் திறக்கவில்லை.

"ஏலாது. நாலு பேர் சேர்ந்தாலே அஞ்சு விதமாய்ச் சொல்லுவினம். அதுவும் எங்கட ஆக்கள்."

"அப்ப பேப்பர்தான் பொய் சொல்லுதா?"

"அது டொச்சுப் பேப்பர். அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பாதியைச் சொல்லாமல் விடத்தான் தெரியும்."

பேர்பெச்சுவா இருபது வருஷம் டோர்ட்முண்ட் நகரத்து ஜவுளி மாளிகை ஒன்றில் சாதாரண வாடிக்கையாளரைப் போல உலாவித் திருடர்களைப் பிடித்தவள். மாளிகையை மூடிவிட்டார்கள், திருடர்கள் பாக்கி. ஆகவே ஹம் ரயில் நிலையத்துக்கு எதிரே, முடி திருத்தும் கடைக்கு மேல்மாடியில், சொந்தமாகத் துப்பறியும் நிலையம் வைத்துவிட்டாள். கௌஷிக் திருச்சிக்காரன். ஆஹெனில் பொறியியல் படித்து, கார்ல்ஸ்ரூஹேயில் மென்பொருள் எழுதி, ஆட்குறைப்பில் வெளியே வந்து, "அடுத்த வேலை கிடைக்கும்வரை" என்று இவளிடம் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அடுத்த வேலையும் வரவில்லை, இவளிடம் சம்பளமும் ஒழுங்காக வரவில்லை. வாய் மட்டும் குறையவில்லை.

வழக்கு இதுதான். ஊருக்கு வெளியே உறைபனிப் பீட்சா செய்கிற ஒரு தொழிற்சாலை. அங்கே தொழிற்சங்கம் முப்பது வருஷத்துக்கு முன்பு தன் ஆட்களுக்கென்று ஓர் ஓய்வூதிய நிதியைத் தொடங்கியது. தொழிலாளி இருந்தால் அவனுக்கு, இறந்தால் அவன் மனைவிக்கு. கம்பனிக்கு அந்த நிதியின்மேல் கண். அதைத் தன்னுடைய ஓய்வூதியத் திட்டத்துக்குள் இழுத்துக்கொண்டால், அதிலிருந்து தனக்கே கடன் எடுத்துப் புது அடுப்பு வாங்கலாம். ஆனால் நிதியை மாற்றுவதற்கு, கூட்டத்துக்கு வந்த உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் எழுந்து நின்று சம்மதம் சொல்ல வேண்டும் என்று சங்கம் விதி எழுதி வைத்திருந்தது. போன மாதம் தொழிற்சாலைக் கன்டீனில் கூட்டம் நடந்தது. முக்கால்வாசிக்கு மேலேயே எழுந்து நின்றார்கள். நிதி கைமாறிவிட்டது.

எழுந்து நின்றவர்களில் நாற்பது சொச்சம் பேர் தமிழர்கள் என்கிறது, பேர்பெச்சுவா டொச்சு என்று சொல்கிற ஜெர்மன் மொழியில் எழுதிய கூட்டக் குறிப்பு. அந்த நாற்பது சொச்சம் பேரும், வீடு வீடாகப் போய்க் கேட்டபோது, செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரே பதிலைச் சொன்னார்கள்: "நாங்கள் வோட்டே போடேல்லை."

இதிலே வயிறெரிந்தவள் லூர்தம்மா. அவள் கணவன் கிறிஸ்ரியன் கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்புதான் மாவு பிசையும் இயந்திரத்தடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தான். விதவைக்குரிய ஓய்வூதியம் கேட்டு அவள் கொடுத்த விண்ணப்பம் சங்கத்து நிதியின் மேசையில் முடிவாகாமல் கிடந்தது. மாற்றத்தின்போது முடிவாகாமல் கிடக்கும் விண்ணப்பங்களைக் கம்பனித் திட்டம் ஏற்காது என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அன்றைக்கு அப்படிக் கிடந்தது ஒரேயொரு விண்ணப்பம். அறுபது வயதில் லூர்தம்மா முதியோர் இல்லத்தில் தரை துடைக்கப் போகிறாள். அந்தச் சம்பளத்தில் வீட்டு வாடகைக்கும் போதாது. அவளுடைய வக்கீல் லாரா கறாராகச் சொல்லிவிட்டாள்: வெள்ளிக்கிழமை மாலைக்குள் அந்தக் கூட்டத்தின் முடிவை எதிர்த்து மனுப் போட வேண்டும், போடுவதற்குக் காரணம் வேண்டும். இன்று வெள்ளிக்கிழமை.

"அவங்க பையன் சொன்னதுதான் சரி போல," என்றான் கௌஷிக். "டீ குடுத்துட்டு என்ன சொன்னான்? 'அம்மா, விடுங்கோ, நான் பாப்பன்தானே'ன்னான். அதே கம்பெனி ஆஃபீஸ்லதான் வேலை. அவனுக்கே ஹோப் இல்ல."

"நிலக்ஷன் தந்தது தேத்தண்ணி. நீர் குடிச்சது மூண்டு கோப்பை," என்றாள் பேர்பெச்சுவா. "இதிலை திருப்பும்."

*

அருட்பிரகாசம் தன் தோட்டத் துண்டில், முட்டைக்கோசுக்கு வலை போட்டுக்கொண்டிருந்தார். ஜெர்மன்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து சுற்றிலும் குள்ளப் பொம்மை வைக்கிற அந்தத் தோட்டங்களுக்கு நடுவே, இவருடையதில் மட்டும் பொம்மைக்குப் பதிலாக ஒரு மாதா சொரூபம். தொழிற்சாலையில் சங்கத்தின் தமிழ் வாய் இவர்தான். எந்தக் கூட்டமானாலும் மேடையில் டொச்சில் சொல்வதைத் தமிழில் திருப்பிச் சொல்வது இவருடைய வேலை. ஊர் முழுக்க இவர் பெயரைத்தான் முணுமுணுத்தது. காசு வாங்கிக்கொண்டு தமிழர்களை எழுப்பி விட்டவர் இவர் என்று கடையிலும் கோயில் வாசலிலும் பேச்சு.

"வாங்கோ," என்றார், நிமிராமலே. "பாத்திக்குள்ளை மிதிக்காதேங்கோ. என்னைக் கள்ளன் எண்டு சொல்லத்தானே வந்தனீங்கள்? அந்தக் கல்லிலை இருந்து சொல்லுங்கோ."

"கள்ளன் எண்டால் நான் பின்னாலைதான் வருவன், அண்ணை. முன்வாசலாலை வாறேல்லை," என்றாள் பேர்பெச்சுவா. "அண்டைக்குக் கூட்டத்திலை தமிழிலை என்ன சொன்னனீங்கள்?"

அருட்பிரகாசம் நிமிர்ந்தார். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"நானோ? நான் அங்கை இருந்தால்தானே! மாசக்கணக்காய் அவையளுக்கு ஓதினனான். கையைத் தூக்காதேங்கோ, எழும்பாதேங்கோ, சும்மா குந்திக்கொண்டிருந்தாலே காணும், வெண்டிடுவம் எண்டு. எல்லாரும் ஓம் ஓம் எண்டவை. கூட்டத்தண்டு எனக்கு டோர்ட்முண்டிலை செமினார். முதலுதவி படிக்கிறது. வருசக்கணக்காய்க் கேட்டனான், தரேல்லை. அண்டைக்கெண்டு தாங்களாய்க் கூப்பிட்டுத் தந்தவை. நான் அங்கை ஒரு ரப்பர் பொம்மையின்ர நெஞ்சை அமுக்கிக்கொண்டு நிக்க, இஞ்சை எல்லாம் செத்துப்போச்சு."

"பொம்மை பொழச்சுதா, அண்ணே?" என்றான் கௌஷிக்.

"கௌஷிக், வாயை மூடும். அண்ணை, செமினாருக்குக் கூப்பிட்டது ஆர்?"

"வேறை ஆர்? ஆளணிப் பகுதி. ஆக்களை எடுக்கிறதும் கலைக்கிறதும் அவையள்தானே." அவர் மண் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். "நீங்கள் என்னை நம்பவேண்டாம். இதைப் பாருங்கோ. வெளியிலை சிகரெட் பத்திக்கொண்டு நிண்ட டொச்சுக்காரன் ஒருவன் கண்ணாடிக்குள்ளாலை எடுத்தவன். ஒரு சத்தமும் கேளாது. ஆனால் கண் இருந்தால் காணும். ஒவ்வொரு ஆடும் எழும்பி நிக்குது. கிறிஸ்ரியனோடை ஒரே மேசையிலை சாப்பிட்டதுகள்! அந்த மனிசியின்ர வாயிலை மண்ணைப் போட எழும்பி நிக்குதுகள்!"

அவர் குரல் உடைந்தது. முப்பது வருஷத்துக்கு முன்பு அந்த நிதிக்காகக் குளிரில் வாசலில் உட்கார்ந்து மறியல் செய்தவர்களில் அவரும் ஒருவர் என்பது கௌஷிக்குக் காரில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. அந்த ஆளைப் போய்க் கிண்டல் செய்தோமே என்று அவனுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் நெடுநேரம் நிற்கவில்லை.

*

"பாத்தாச்சு மேடம். எழுந்தாங்க, நின்னாங்க, உக்காந்தாங்க. ஓட்டு விழுந்தாச்சு. நாப்பது பேரும் புளுகிட்டாங்க. ஜபமாலைய வேற கையில பிடிச்சுக்கிட்டு. கேஸ் குளோஸ்."

கார் இன்னும் தோட்டங்களின் வாசலிலேயே நின்றது. பேர்பெச்சுவா தன் கைப்பேசிக்கு வாங்கிக்கொண்ட அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட விட்டுக்கொண்டிருந்தாள்.

"நீர் முகத்தைப் பாத்தனீர். கடையிலை நான் ஒருநாளும் முகத்தைப் பாத்ததில்லை. களவெடுக்கிறவன்ர முகம் தேவதூதன் மாதிரி இருக்கும். கையைப் பாரும்."

கௌஷிக் கையைப் பார்த்தான். கன்டீனில் எல்லோரும் வேலை இடைவேளையில் வந்தவர்கள். தலையில் நீல வலைத்தொப்பி, முடி பீட்சாவில் விழாமல் இருக்கப் போடுவது. எழுந்து நின்ற ஜெர்மன்காரர்கள் சிலரின் கையில் காப்பிக் கோப்பை. ஒருவன் நின்றபடியே ரொட்டியைக் கடிக்கிறான். தமிழர்களின் கையில் எதுவும் இல்லை. கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டு, கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

"பவ்யமா நிக்கிறாங்க. ஓட்டுப் போடுறது புனிதமான கடமைன்னு..."

"தலையைப் பாரும்."

அவன் பார்த்தான். "தொப்பிய கழட்டியிருக்காங்க."

"எல்லாருமோ?"

"இல்ல. ஜென்ட்ஸ் மட்டும். லேடீஸ் எல்லாம் போட்டிருக்காங்க. இந்த அம்மா பாருங்க, நழுவின தொப்பிய இழுத்துவிட்டுக்கறாங்க."

"அந்தத் தொழிற்சாலையிலை தொப்பியைக் கழட்டினால் அதைக் குப்பையிலை போட்டிட்டு, புதுசு எடுத்து, திரும்பக் கையைக் கழுவித்தான் உள்ளை போகலாம். இடைவேளையிலை ஒருத்தரும் கழட்டமாட்டினம். ஒரு டொச்சுக்காரனும் கழட்டேல்லை. அப்ப எங்கட ஆம்பிளையள் மட்டும் ஏன் கழட்டினவை? பொம்பிளையள் ஏன் கழட்டேல்லை? ஆம்பிளை தலையைத் திறந்து, பொம்பிளை தலையை மூடிக்கொண்டு நிக்கிற இடம் எது?"

கௌஷிக் வாயைத் திறந்தான். வந்தது கிண்டல் இல்லை.

"சர்ச்."

"ஓம். அவையள் வோட்டுப் போடேல்லை, கௌஷிக். செபம் செய்யினம். ஆரோ தமிழிலை, 'கிறிஸ்ரியனுக்காக ஒரு நிமிசம் எழும்பி நில்லுங்கோ' எண்டு சொல்லியிருக்கினம். அதே நேரம் மேடையிலை தலைவர் டொச்சிலை, 'சம்மதிக்கிற ஆக்கள் எழும்புங்கோ' எண்டு கேட்டிருக்கிறார். டொச்சுக்காரர் நினைச்சிருப்பினம், வழமை போலை தமிழிலை மொழிபெயர்க்கினம் எண்டு. செத்தவருக்கெண்டு சொன்னால் எங்கட ஆக்கள் ஏன் எதுக்கெண்டு கேக்கமாட்டினம். சாப்பாட்டை விட்டிட்டு எழும்புவினம்."

பேப்பரும் பொய் சொல்லவில்லை, நாற்பது பேரும் பொய் சொல்லவில்லை. செத்துப்போன மனிதனுக்கு மரியாதை செய்வதாக நினைத்து எழுந்தவர்கள், எழுந்த அந்த நிமிஷத்தில் அவன் பெண்டாட்டியின் சோற்றில் மண்ணள்ளிப் போட்டிருக்கிறார்கள். இன்றுவரை அவர்களுக்கு அது தெரியாது.

"யாரு மேடம் சொன்னது? அருட்பிரகாசம் அண்ணன் அங்க இல்லையே."

பேர்பெச்சுவா படத்தை முன்னுக்கு நகர்த்தினாள். எழுவதற்குச் சற்று முன்பு தமிழர்களின் தலைகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்புகின்றன, மேடைப் பக்கமல்ல, காப்பி இயந்திரத்தின் பக்கம். அங்கே ஒரு தூண். யார் நிற்கிறார்கள் என்பதைத் தூண் மறைத்துவிட்டது. முன்வரிசையில், இவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டவர்களில் ஒருத்தியான லவினியா என்கிற பெண் அந்தத் தூணைப் பார்த்தபடி வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் அதே பக்கம் பார்த்து, ஐயோ பாவம் என்று தலையை ஆட்டுகிறாள்.

"ஃபாதர் யாராவது வந்து பிரேயர் பண்ணியிருப்பாரா?"

"சாமியார் செபம் சொல்லேக்க ஆரும் சாமியாரைப் பாத்து அழுறேல்லை."

"லவினியாக்கு ஒரு ஃபோன் போடுவோமே? ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்."

"எனக்கு ஒரு நிமிசத்திலை தெரியும். அடுத்த நிமிசம் ஹம் முழுக்கத் தெரியும். அதுக்கு அடுத்த நிமிசம் அந்த ஆளுக்கே தெரிஞ்சு, ஒரு நல்ல கதையை ஆயத்தமாய் வைச்சிருப்பார்."

அவள் யாருக்கோ தொலைபேசி எடுத்து, "இண்டைக்கு எங்கை நிப்பார்? ... ஓமோ? ... சரி அக்கா," என்று மட்டும் பேசி வைத்தாள்.

"சவக்காலைக்கு விடும்," என்றாள்.

கல்லறைத் தோட்டத்தில் செபம் பண்ணப் போகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கௌஷிக் வண்டியை எடுத்தான். இரண்டு வருஷம் இவளோடு இருந்தும் மடையன் மடையன்தான்.

*

கிறிஸ்ரியனின் புதைகுழிக்கு இன்னும் கல் வைக்கவில்லை. மரச் சிலுவை, அதைச் சுற்றிப் புதிதாக நட்ட ஊதாப் பூச்செடிகள். நல்ல கம்பளிக் கோட்டுப் போட்ட ஓர் இளைஞன் பச்சைப் பூவாளியால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். நிலக்ஷன்.

கௌஷிக்கின் கால் நின்றுவிட்டது. "மேடம்," என்றான் மெதுவாக. "செத்தவரோட பையன்."

"ஓம். தகப்பனுக்கு அஞ்சலி செய்யுங்கோ எண்டு பிள்ளை நிண்டு கேட்டால்தான் பொம்பிளையள் பிள்ளையைப் பாத்து அழுவினம். போனைப் பொக்கற்றுக்குள்ளை வையும். களவாய்ப் பதிவு செய்தால் இஞ்சத்தைக் கோட்டிலை செல்லாது. காதாலை கேளும். நீர்தான் சாட்சி."

அவள் குழியருகே போய்ச் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு, துக்க வீட்டுக்கு வந்தவளின் இழுவைக் குரலில் ஆரம்பித்தாள்.

"தம்பி, நீர் அண்டைக்குக் கன்டீனிலை அப்பாவுக்காக வடிவாய்க் கதைச்சனீராம். எல்லாரும் அழுதவையாம். அம்மாவுக்கு எவ்வளவு பெருமையாய் இருந்திருக்கும்."

நிலக்ஷன் பூவாளியைக் கீழே வைத்தான். முகம் அழகாகக் கனிந்தது. "லவினியா அன்ரி சொன்னவவோ? ஓம், அக்கா. அப்பாவுக்கு நான் வேறை என்னத்தைச் செய்யிறது? ரெண்டு வார்த்தை சொன்னன். எல்லாரும் எழும்பி நிண்டவை."

"சம்மதிக்கிற ஆக்களை எழும்பச் சொல்லித் தலைவர் கேட்ட அதே நேரம்."

ஓநாய் அழுவது நின்றது. அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஒரு நிமிச அஞ்சலி குற்றமோ?"

"இல்லை. அருட்பிரகாசம் அண்ணையை அண்டைக்கெண்டு செமினாருக்கு அனுப்பினது ஆர்? நீர் ஆளணிப் பகுதி. எழும்பி நிக்கிறதை வெளியிலை நிண்ட ஒருத்தன் படம் எடுத்தவன், தெரியுமோ? தொப்பி கழட்டிச் செபம் செய்த ஆக்களை நீங்கள் சம்மதக் கணக்கிலை எழுதி வைச்சிருக்கிறியள்."

கௌஷிக் எதிர்பார்த்தது அழுகையை. முதலாளி மிரட்டினான், வேலை போய்விடும் என்றான், வழி தெரியவில்லை என்று கதறுவான், மன்னித்துவிடலாம் போலிருக்கும் என்று எதிர்பார்த்தான். அப்படி ஒரு வசனத்தை அவன் எங்காவது இந்த இளைஞனிடமிருந்து கேட்டிருந்தால் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

"அவங்க உன்ன ஃபோர்ஸ் பண்ணாங்களா?" என்று அவனே எடுத்தும் கொடுத்தான்.

"அவையளோ?" நிலக்ஷன் சிரித்தான். "அவையளுக்கு எங்கட ஆக்களைப் பற்றி என்ன தெரியும்? தமிழாக்கள் ஒருத்தரும் எழும்பமாட்டினம், திட்டம் சரிவராது எண்டு தலையிலை கையை வைச்சுக்கொண்டு இருந்தவை. நான்தான் சொன்னனான். என்ரை யோசனை. அடுத்த மாசத்திலை இருந்து நான் பகுதித் தலைவர்."

"அம்மாவின்ர விண்ணப்பம் அதுக்குள்ளை கிடந்தது."

"தெரியும். அந்த வரியை எழுதினதே நான்தான். ஏற்கெனவே கிடக்கிற விண்ணப்பத்தை எடுத்தால் கம்பனி ஆயுள் முழுக்கக் குடுக்கவேணும், மேலிடத்திலை விரும்பமாட்டினம். ஒண்டுதானே. நான் உழைக்கிறன், அம்மாவை நான் பாப்பன்தானே?" அவன் குனிந்து ஒரு பூவிலிருந்து காய்ந்த இலையைக் கிள்ளினான். "போய்ச் சொல்லுங்கோ. அம்மா கேஸ் போடமாட்டா. என்ர பேர் வந்தவுடனை அந்த அன்ராக் மனுவை அவவே கிழிச்சுப்போடுவா. நான் அவவின்ர ஒரே பிள்ளை."

அவன் சொல்வது நடக்கும் என்று கௌஷிக்குத் தோன்றியது. பெற்ற மனம் பித்து என்று பாட்டாகவே பாடி வைத்திருக்கிறார்களே. அந்த எரிச்சலில், கேட்க வேண்டாத ஒன்றைக் கேட்டான்.

"அந்த ஒரு நிமிஷம். எல்லாரும் தலைய குனிஞ்சு நின்னாங்களே. அப்ப நீயாவது உங்கப்பாவ நினைச்சியா?"

நிலக்ஷன் யோசித்தான். உண்மையிலேயே ஞாபகப்படுத்திப் பார்த்துத்தான் பதில் சொன்னான்.

"இல்லை. எண்ணிக்கொண்டு நிண்டன். முக்கால்வாசி வருதோ எண்டு."

பூவாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயை நோக்கிப் போனான். கௌஷிக் அதுவரை யாரையும் அடித்ததில்லை. அன்றும் அடிக்கவில்லை, பேர்பெச்சுவா அவன் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள்.

*

லூர்தம்மாவின் சமையலறையில் மீன் குழம்பு கொதித்தது. தரை துடைத்துவிட்டு வந்த முழங்காலில் தைலம் தடவி, துணி சுற்றியிருந்தாள். நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள். வழியில் சொன்ன விவரத்தை வைத்து வக்கீல் லாரா எழுதி அனுப்பிய மனு, ஏமாற்றியவனின் பெயர் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு, கௌஷிக்கின் மடிக்கணினியில் காத்திருந்தது.

"அக்கா," என்றாள் பேர்பெச்சுவா, "கூட்டத்திலை உங்கட மனிசனுக்காகச் செபம் செய்தவை எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"ஏன் தெரியாது? முப்பத்தோராம் நாள் நினைவுக்கு வந்த எல்லாரும் சொன்னவை. உன்ர மோன் சபையையே எழுப்பி நிறுத்தினவன் எண்டு." அந்த வாடிய முகத்தில் முதன்முறையாக வெளிச்சம் வந்தது. "அந்த மனுசன் இருவத்தாறு வருசம் அங்கை வேலை செய்தவர். ஒருநாளும் ஒருத்தரும் அவருக்காக எழும்பி நிண்டதில்லை. செத்தாப்பிறகாவது நிண்டினமே எண்டு நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னனான்."

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் வோட்டைப் பற்றியெல்லோ கேட்டனீங்கள்? இது செபம்."

எல்லா வீட்டுக்கும் ஏறி இறங்கித் தேடிய விடை, முதல்நாள் தேத்தண்ணி குடித்த இந்த மேசையிலேயே இருந்திருக்கிறது. கௌஷிக் ஜன்னலைப் பார்த்தான். பேர்பெச்சுவா சுற்றி வளைக்கவில்லை. தொப்பி, செமினார், தூண், மகன், அவன் எழுதிய வரி என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி முடித்தாள். அப்படிச் சொல்வதற்கு இரக்கமில்லாத மனசு வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. வேறெப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

லூர்தம்மா குழம்பின் அடுப்பைக் குறைத்தாள். நம்பவில்லை என்று கத்தவில்லை, நெஞ்சில் அடித்துக்கொள்ளவும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்த நேரம் அவன் அழுதவனோ? எல்லாரும் தலையைக் குனிஞ்சு நிக்கேக்க?"

கௌஷிக் அவசரமாக வாயைத் திறந்தான். அழுதான் அம்மா, நல்லா அழுதான் என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது? ஒரு பொய். அந்தக் குடும்பத்தில் அது ஒன்றுதான் பாவமில்லாத பொய்யாக இருக்கும்.

பேர்பெச்சுவா அவனைப் பார்த்தாள். "நீர்தானே கேட்டனீர். சொல்லும்."

"எண்ணிக்கிட்டு இருந்தாராம், அம்மா," என்றான். "எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு."

லூர்தம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, படிக்கத் தெரியாத டொச்சை எழுத்தெழுத்தாகப் பார்த்தாள்.

"இதிலை பேர் எங்கை வரும்?"

"அக்கா, யோசியுங்கோ," என்றாள் பேர்பெச்சுவா. "மனுப் போட்டால் விண்ணப்பம் திரும்ப உயிர் பெறும். உங்களுக்கு ஓய்வூதியம் வரும். ஆனால் உங்கட மோனுக்கு வேலை போகும். மோசடி எண்டு பொலிசும் வரும். இண்டைக்கு விட்டால் பிறகு ஒண்டும் செய்யேலாது. எது எண்டாலும் நீங்கள்தான் சொல்லவேணும்."

"தம்பி, எழுதும்."

கௌஷிக் அந்த வெற்றிடத்தில் நிலக்ஷன் என்று அடித்தான். அவள் எட்டிப் பார்த்தாள்.

"அது காணாது. தகப்பன்ர பேரையும் முன்னுக்குப் போடும். கோட்டிலை எழும்பி நிண்டு வாசிக்கேக்க, ஆரின்ர பிள்ளை ஆருக்குச் செய்தது எண்டு அவன் தன்ர காதாலை கேக்கவேணும்."

அவன் அடித்த பெயரை அழித்தான். பிறகு அடித்தான். கிறிஸ்ரியன் நிலக்ஷன். லூர்தம்மா, திரையில் பேர்பெச்சுவா காட்டிய இடத்தில், விரலால் ஒப்பமிட்டாள். மனு லாராவுக்குப் போயிற்று.

பேர்பெச்சுவா கோட்டை மாட்டினாள். "நான் மோனிட்டைச் சொல்லிவிடவோ, அக்கா? உங்களுக்குக் கஷ்டமாய் இருக்கும்."

"வேண்டாம்," என்றாள் லூர்தம்மா. அகப்பையை எடுத்துக் குழம்பைத் துழாவி, ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமையிலை அவன் இரவுச் சாப்பாட்டுக்கு இஞ்சைதான் வாறவன். சாப்பிட்டு முடியட்டும். பேந்து நானே சொல்லுறன்."